வயலினுக்கு அறுபது சதவீதம்

ரங்கநாயகிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் பால்காரருக்கும் தெரியும், காவிரிக்கு அந்தப் பக்கம் பாலக்கரை சர்ச்சில் பங்குச் சாமியாருக்கும் தெரியும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அவள் புருஷன் மருதை ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்வார். முசிறிக்காரர். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் விடுகிறவர். நாள் முழுக்க அங்கே கத்திவிட்டு வருவதால் வீட்டில் கத்துவதற்கு அவரிடம் மிச்சம் இருப்பதில்லை. ஆகையால் அந்த இலாகா முழுவதும் ரங்கநாயகியிடமே இருந்தது.

அவள் செய்கிற வேலையை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேல்நாட்டு சங்கீதத்தை ஐந்து கோடு போட்டு அதன்மேல் நோட்டு என்கிற புள்ளி வைத்து எழுதுவார்கள். திருச்சியில் இருக்கிற சர்ச் கொயர்கள், காலேஜ் கொயர்கள் என்கிற பாட்டுக் குழுக்களின் மாஸ்டர்கள் அதைப் பென்சிலில் கிறுக்கிக்கொண்டு வருவார்கள். ரங்கநாயகி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பார்த்துப் படிக்கும்படி அச்செடுத்துக் கொடுப்பாள். நோட்ஸ் அடிக்கிற அம்மா என்று பெயர்.

அவள் அப்பாவுக்குத் துவாக்குடியில் லேத் பட்டறை வேலை. மகளைத் திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே ஒரு சிஸ்டர் இவள் கையில் வயலினைக் கொடுத்து இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார். முதல் வரிசை வயலினுக்குப் பாட்டு வரும். இரண்டாவது வரிசைக்கு ஜக்கு ஜக்கு என்று தாளத்துக்குத் துணைபோகிற வேலைதான். பள்ளி முடிகிறவரைக்கும் ஒரு முழுப் பாட்டு அவள் வில்லுக்கு வந்ததே இல்லை. அந்தக் கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வயலின் பரணுக்குப் போனது, அவள் ஒரு அச்சகத்துக்கு டைப் அடிக்கப் போனாள். நோட்ஸ் எழுதுகிற சாஃப்ட்வேர் வந்தபோது திருச்சியில் அதைத் தொட்டுப் பார்த்த முதல் சிலரில் அவளும் ஒருத்தி.

அந்த சாஃப்ட்வேரோடு அவள் போட்ட சண்டையைத் தனியாகவே எழுதலாம். பாட்டு வரியில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு நோட்டுக்குக் கீழேயும் கால் அடுத்த நோட்டுக்குக் கீழேயும் போய் நிற்கும். “தமிழு தெரியாத சனியனே” என்று திரையைப் பார்த்துத் திட்டித் திட்டியே அதை வழிக்குக் கொண்டுவந்தாள். ஆனால் ஒரு விஷயத்தில் அது தங்கம். ஸ்டாஃப் என்கிற ஐந்து கோட்டு வரிசையின் அளவை வேண்டியபடி மாற்றலாம். பக்கம் முழுவதையும் சேர்த்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். மற்ற வரிசைகளை நூறு சதவீதத்திலேயே விட்டுவிட்டு ஒரே ஒரு வரிசையை மட்டும் எழுபது, அறுபது என்று சுருக்கலாம். நோட்ஸ் அடிக்கிற வேலையில் பாதி இந்த அளவு பார்க்கிற வேலைதான்.

பாலக்கரைக் கோயில் கொயர் மாஸ்டர் தைரியராஜ்தான் அவளுக்கு இதில் ஒரு சூட்சுமத்தைச் சொன்னவர். கொயருக்குக் கீபோர்டு வாசிக்கிற ஜெயக்குமார் தாளில் கண்ட நோட்டையெல்லாம் வாசித்துவிடுவான். பாடுகிறவர்களின் வரிசையையும் சேர்த்து வாசித்துப் பாட்டைக் குழப்புவான். “ஜெயக்குமார் காப்பில பாடறவங்க லைன மட்டும் சின்னதா போட்டுடுங்கம்மா. சின்னதா இருந்தா கண்ணுதான் போகும், கை போகாது” என்றார் மாஸ்டர். உலகம் முழுக்க வழக்கமும் அதுதான். வாசிக்கிறவர் தாளில் ஒரு வரிசை பொடிசாக இருந்தால் அது பார்த்துக்கொள்வதற்கு; வாசிப்பதற்கு அல்ல. ஜெயக்குமாரின் கை அதற்குப் பிறகு அடங்கியது.

இந்த வருஷம் அந்தக் கோயிலுக்கு நூற்றாண்டுத் திருவிழா. ஆயரே, அதாவது பிஷப்பே, வந்து பூசை வைக்கிறார் என்று முடிவானது. காணிக்கைப் பாட்டுக்கு மாஸ்டர் புதிதாக ஒரு மெட்டுப் போட்டுக் கொண்டுவந்தார். மெட்டு சுமார். அதைவிட, இரண்டு சரணத்துக்கும் நடுவே வெறும் கோடுகள்தான் இருந்தன. மேலே ‘வயலின்’ என்று பென்சிலில் எழுதிவிட்டு விட்டுவிட்டார். ரங்கநாயகி போன் போட்டுக் கேட்டாள்.

“நேரமில்லம்மா. நீங்களே ஏதாச்சும் போட்டு ரொப்பிடுங்க. பின்னாடி பாத்துக்கலாம்” என்றார்.

ஏதாச்சும்! அந்த வார்த்தையில் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்தாள். குரல்கள் மேலே ஏறி நிற்கிற இடத்தில் வயலினைக் கீழே இறக்கினாள். குரல்கள் ஓய்கிற இடத்தில் அது தனியாக எழுந்து, இரண்டு அடி நடந்து, தயங்கி, மறுபடி நடந்தது. காணிக்கை ஏந்தி வருகிறவர்கள் நடக்கிற நடையை மனதில் வைத்துக்கொண்டுதான் போட்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வரிசையில் ஜக்கு ஜக்கு வாசித்துக்கொண்டே தனக்குள் பாடிக்கொண்டிருந்தவள் அல்லவா, எங்கெங்கோ தேங்கியிருந்ததெல்லாம் அங்கே வந்து விழுந்தது. அத்தனை வருஷத்தில் பிறத்தியார் நோட்டை மலை மலையாக அடித்தவள், சொந்தமாக ஒரு வரி எழுதியது அதுதான் முதல் தடவை. சரணங்களுக்குக் கீழேயும் அந்த வயலினை மெல்ல ஓடவிட்டாள்.

ஒத்திகையில் அதை வாசித்தது பிரான்சி. கொயரின் ஒரே வயலின்காரி, மருந்துக்கடையில் வேலை. அவள் அந்த இடத்தை வாசித்து முடித்தபோது அடிக்குரலில் பேஸ் பாடுகிற ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பங்குச் சாமியார் கதவருகே நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“வயலின் பிரமாதமா இருக்கே. யாரு போட்டது?”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி நிமிர்ந்தாள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நம்ம கொயர்ல எல்லாரும் சேர்ந்து பண்றதுதான் ஃபாதர்” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். சரி, மனுஷன் கூச்சத்தில் உளறிவிட்டார், நாளைக்குச் சொல்வார் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். அவள் தன்னை அடக்கிக்கொண்டதாகச் சரித்திரத்தில் இருக்கிற முதல் சம்பவம் அதுதான்.

மறுநாள் மாஸ்டர் போன் செய்தார். வயலினைப் பாராட்ட அல்ல.

“ரங்கநாயகிம்மா, அந்தக் காணிக்கைப் பாட்டு மூணு பக்கம் போகுது. ஒரே தாள்ல முன்னும் பின்னுமா அடங்கணும். மைக் முன்னாடி தாளப் பொரட்டினா சரசரன்னு கேக்கும்.”

“சரிங்க மாஸ்டர். மொத்தத்தையும் கொஞ்சம் சுருக்கிடறேன்.”

“ஐயையோ, கொயர்ல பாதிப் பேருக்குக் கண்ணாடி. பாடற லைன்ல கை வைக்காதீங்க. கீபோர்டும் அப்படியே இருக்கட்டும். வயலின மட்டும் அறுபதுக்குக் கொண்டாந்துடுங்க.”

“மாஸ்டர், அறுபதுன்னா அத யாரும் வாசிக்க மாட்டாங்களே. நீங்கதான சொன்னீங்க, கண்ணுதான் போகும்னு?”

“எடுக்கவா சொன்னேன்? சின்னதா இருந்தாலும் இருக்கும்ல? பக்கம் பத்தலம்மா, என்ன பண்றது.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். சாமியாருக்குப் பிடித்துப்போனதை வெட்டினால் ஏன் என்று கேள்வி வரும். வெட்டாமல் சுருக்கினால் தாளிலும் இருக்கும், காதிலும் விழாது. போனை வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

ஒரு நம்பிக்கை இருந்தது. பிரான்சிக்கு அந்த வரி மனப்பாடம். கோடே இல்லாவிட்டாலும் வாசிப்பாள். ரங்கநாயகி அறுபது என்று அடித்தாள். திரையில் அவள் வயலின் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிட்டது. அச்சு எடுத்துக் கொடுத்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை கடைசி ஒத்திகை. கோயிலுக்குள் நுழைந்ததும் பார்க்கிறாள், வயலின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிரான்சி இல்லை. துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிற இரண்டு பெண்கள். மற்றப் பாட்டுகளுக்கென்று மாஸ்டர் வரவழைத்த விருந்தாளிகள். பிரான்சி, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏ பிரான்சி, நீ ஏன் இங்க நிக்கிற?”

“ஆல்டோல ஆள் குறைவாம்க்கா. மாஸ்டர் சொன்னாரு.”

“அவரு சொன்னா? உன் வாய் எங்க போச்சு?”

“விடுங்கக்கா, நமக்கு எதுக்கு வம்பு” என்றாள் பிரான்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்தது. வயலின் எழ வேண்டிய இடத்தில் இரண்டு பெண்களும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, தாளில் பொடி வரிசையைக் கண்ணால் மட்டும் தொடர்ந்தார்கள். அந்த இடம் முழுக்க ஜெயக்குமார் கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி ஊஊ என்று ஒரு சத்தத்தை ஓட்டினான். ரங்கநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டு முடிந்ததும் நேரே அந்தப் பெண்களிடம் போனாள்.

“ஏம்மா, நடுவுல வயலின் இருக்கே, ஏன் வாசிக்கல?”

யாழினி என்ற பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். “அது சின்ன ஸ்டாஃப்ல இருக்கே ஆன்ட்டி. கண்ணால பாத்துக்கறதுக்குத்தானே அது? வாசிக்கணும்னா பெருசா போட்டிருப்பாங்களே. கீபோர்டுல வருதுன்னு நெனச்சோம்.”

அந்தப் பெண் மீது என்ன தப்பு? முறைப்படி படித்தவள், முறைப்படி வாசிக்காமல் விட்டாள். ரங்கநாயகி திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதில் ரொம்பவும் மும்முரமாக இருந்தார். தெரிந்தே செய்திருக்கிறார். அதுவும் யார் கையால்? அவள் கையாலேயே அவள் பாட்டின் வாயைப் பொத்தியிருக்கிறார். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த சிஸ்டர்கள் திரும்பிப் பார்த்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்ன, அடுப்பு இல்லாமலே கொதிக்கிற?” என்றார் வெளியே வண்டியோடு நின்ற மருதை. கதை முழுவதையும் காவிரிப் பாலத்தில் காற்றை மீறிக் கத்திக்கொண்டே வந்தாள். பாலம் முடிகிற இடத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “குனியக் குனியத்தான் குட்டுவான் ரெங்கா.”

மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வயலினை அறுபதிலிருந்து நூறுக்குக் கொண்டுவந்தாள். சாஃப்ட்வேர் நியாயமாக மூன்றாவது பக்கத்தைத் திறந்து கடைசி வரிசையை அங்கே தள்ளியது. ஒரே தாளில் அடங்காவிட்டால் மாஸ்டர் அதைச் சாக்காக வைத்தே தூக்கி எறிவார். பாடுகிறவர்கள் வரிசையில் கை வைக்க அவளுக்கே மனசில்லை. பாவம், பார்வை மங்கியவர்கள். எங்கே இடம் தேடுவது என்று பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. இத்தனை நாளாகக் கண்ணெதிரே இருந்தது.

இரண்டு பக்கத்திலும் உச்சியில், பூ வேலைப்பாட்டுக் கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில் மூன்று வரி. ‘ஆக்கம், இசை, இயக்கம்: இசைச்சுடர் தைரியராஜ்’. அதன் கீழே அவர் ஊர், அவர் போன் நம்பர், அனைத்து உரிமையும் அவருக்கே என்று ஒரு எச்சரிக்கை. அந்தக் கட்டம் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வயலின் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். அவரே சொல்லி, அவளே என்றைக்கோ வடிவமைத்துக் கொடுத்த கட்டம்தான் அது. பக்கம் பத்தவில்லையாம்!

பூ வேலைப்பாட்டை எடுத்தாள். போன் நம்பரை எடுத்தாள். இசைச்சுடரை அணைத்தாள். பெயரைச் சுருக்கினாள், இன்னும் சுருக்கினாள், மருந்து அட்டையில் தேதி போட்டிருப்பார்களே, அந்த அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தின் மூலையில் வைத்தாள். மூன்றாவது பக்கம் தானாக மறைந்தது. எல்லாம் ஒரே தாளில், முன்னும் பின்னுமாக. வீட்டில் யாருமில்லாதபோதும் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

பாலக்கரையில் ஷாஜியாவின் ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு, பூசைக்கு முன்பாகவே கோயிலுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தாள் வைப்பது அவள்தான் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். யாழினி தாளைப் பார்த்தாள், வயலின் வரிசையைப் பார்த்தாள், ரங்கநாயகியைப் பார்த்தாள்.

“இப்ப வாசிக்கணுமா ஆன்ட்டி?”

“வாசி. நல்லா அழுத்தி வாசி.”

ஆயர் பவனி வாசலில் கிளம்புகிற நேரத்தில்தான் மாஸ்டர் தன் தாளைத் திறந்தார். முகம் கறுத்தது. நாலே எட்டில் இவளிடம் வந்தார்.

“என்னம்மா இது? எம் பேரு எங்க?”

“இருக்கே மாஸ்டர், அந்த மூலைல. எடுக்கவா செஞ்சேன்? சின்னதா இருந்தாலும் இருக்குல்ல?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. கொயரின் கண்கள் எல்லாம் அவர் கையைத் தேடின. திரும்பித்தான் ஆக வேண்டும், திரும்பினார்.

காணிக்கைப் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்து குரல்கள் ஓய்ந்ததும் இரண்டு வயலின்களும் சேர்ந்து எழுந்தன. ரங்கநாயகி தூணைப் பிடித்துக்கொண்டாள். நடுவழியில் பழத்தட்டும் அப்பமும் ஏந்தி வந்தவர்கள் அந்த வயலினின் நடைக்குத் தங்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலேயே. அது தயங்கிய இடத்தில் ஒரு அம்மாள் தயங்கி நின்றாள். மறுபடி நடந்தபோது நடந்தாள். ரங்கநாயகிக்குக் கண்ணில் நீர் கொட்டியது. இவ்வளவு நல்லதையா எறும்பாக்கப் பார்த்தான் என்று அழுதுகொண்டே திட்டினாள்.

பூசை முடிந்து ஆயர் நேரே கொயரிடம் வந்தார். பங்குச் சாமியார் மாஸ்டரை முன்னால் தள்ளினார்.

“காணிக்கைப் பாட்டு நெஞ்சத் தொட்டுடுச்சு. அதுவும் அந்த வயலின் இருக்கே!” என்றார் ஆயர்.

மாஸ்டர் கைகூப்பிக் குனிந்தார். “எல்லாம் ஆண்டவர் குடுத்தது ஆண்டகை.”

ஆயர் ஒரு தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையில் தேடிப் பிடித்து வாசித்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, “பாருங்க, இவ்வளவு பெரிய வேலைய செஞ்சுட்டு, பேரக் கண்ணுக்கே தெரியாம போட்டிருக்காரு. இதுக்குப் பேருதான் தாழ்ச்சி!” என்றார்.

கொயர் கைதட்டியது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

நோகாமல் நொங்கு தின்கிறவனுக்குத் தானே நொங்கைச் சீவிக் கையில் கொடுத்துவிட்டோமே! பிரான்சி ரங்கநாயகியின் முழங்கையைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள். “உங்க பேரு எங்கக்கா போட்டிருக்கீங்க?”

கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இசைச்சுடர் இல்லை, பூ வேலைப்பாடு இல்லை. அத்தனை இடத்தையும் ஒழித்துச் சுத்தம் செய்தவள், தன் பெயரை எங்குமே போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த ஆளாவது அவளை அறுபதாக்கினான். அவள் தன்னைச் சைபராக்கிக்கொண்டிருக்கிறாள். மாஸ்டர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அப்போது அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

“ஆண்டகை, அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க” என்று முன்னால் போனாள்.

ஆயர் கொடுத்தார். பங்குச் சாமியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளே உருவிக்கொண்டாள். தாளைக் கீபோர்டின் மேல் வைத்து, வயலின் வரிசையின் தலைமாட்டில், அழுத்தி எழுதினாள். ரங்கநாயகி. கோபத்தில் எழுதியதால் எழுத்து மாஸ்டரின் பழைய கட்டத்தைவிடப் பெரிதாக வந்தது. கடைசி எழுத்து முதல் நோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

“அச்சடிச்சது நாந்தாங்க. இந்தப் பேரு விட்டுப்போச்சு” என்று தாளை நீட்டினாள்.

ஆயர் கண்ணாடி இல்லாமலே வாசித்தார். “ரங்கநாயகி. யாரும்மா இது?”

“நாந்தாங்க. வயலின் நான் போட்டது.”

ஆயர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மைக் இருக்கிற பக்கம் பார்த்தார். அதற்குள் ஆல்டோ வரிசையிலிருந்து, வம்பு வேண்டாம் என்ற அதே பிரான்சியின் குரல் உரக்க வந்தது. “ஆமாங்க ஆண்டகை. அவுங்கதான். எங்க எல்லாருக்கும் தெரியும்.” ஆயர் தாளை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, “சாயந்தரம் திருவிழாத் தேர் எப்ப கெளம்புது ஃபாதர்?” என்று கேட்டார்.

மறுநாள் ரங்கநாயகி அந்தப் பாட்டை மறுபடி திறந்தாள். கோபத்துக்கும் ஒரு நியாயம் உண்டு அல்லவா? மாஸ்டர் பெயரை மூலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தாள். அதன் கீழே ‘வயலின்: ரங்கநாயகி’ என்று அதே அளவு எழுத்தில், ஒரு புள்ளி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று பார்த்து வைத்து, கொயரின் வாட்ஸாப்பில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அம்மா, பேரு சரியா இருக்கு. முன்னாடி இசைச்சுடர்னு இருக்குமே, அதக் காணோமே?” என்றார் மாஸ்டர், ரொம்பவும் பணிவாக.

“பக்கம் பத்தல மாஸ்டர்” என்றாள் ரங்கநாயகி.